வாயில் நுழையாத ஆங்கிலச் சொல்லா? கரையோர வீடுகளுக்கு 18 குறிப்புகள்

தோணிரேவிலும் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் ஆங்கிலம் அழைக்காமலே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. போனில் புயல் எச்சரிக்கை, மருந்துச் சீட்டு, இறால் கம்பெனி பில், பனையோலைப் பெட்டிக்கு வந்த ஆர்டர், பிள்ளையின் பாடப்புத்தகம் என்று எதைத் தொட்டாலும் புரியாத சொல் ஒன்று நிற்கிறது. இவற்றில் பாதிக்கு மேல் ஆங்கிலேயர் வேறு மொழிகளிலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டவை. எந்தக் கரையில் ஏறிய சொல் என்று தெரிந்தால் ஒலியும் பொருளும் தன்னால் பிடிபடும். வீட்டுப் பேச்சில் எப்படிச் சொன்னாலும் குற்றமில்லை. வயர்லெஸ், ஆஸ்பத்திரி, பரீட்சை இந்த மூன்று இடங்களில் மட்டும் சரியாகச் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

கடலுக்குப் போகும் முன்

1. புயல் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்காதீர்கள். 2023 டிசம்பரில் சென்னையையும் நம் பக்கத்தையும் வெள்ளக்காடாக்கிவிட்டுப் போய் பாபட்லா அருகே கரை கடந்த புயலின் பெயரை ஆங்கிலத்தில் எம்-ஐ-சி-எச்-ஏ-யு-என்-ஜி என்று எழுதினார்கள். பார்த்தவர்கள் 'மிச்சாங்' என்றார்கள். அது மியான்மர் கொடுத்த பெயர், சொல்ல வேண்டியது 'மிக்ஜாம்'. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்ததை 'ஃபெங்கல்' என்று பலர் படித்தார்கள். சவூதி அரேபியா கொடுத்த அந்தப் பெயர் 'ஃபெஞ்சல்'. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2020 ஏப்ரலில் வெளியிட்ட பட்டியலில் 13 நாடுகள் தலா 13 வீதம் கொடுத்த 169 பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உச்சரிப்பு உண்டு. அந்தப் பக்கத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் வதந்தியில் வரும் பொய்ப் பெயரையும் அடையாளம் கண்டுவிடலாம். இந்தியா கொடுத்த பெயர்களில் 'முரசு'வும் ஒன்று. அது வரும்போது நாக்கு சுளுக்கிக்கொள்வது மற்ற நாட்டுக்காரர்களின் பாடு.

2. பெயர் இல்லாததும் ஆபத்துதான். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்ட பிறகே புயலுக்குப் பெயர் வைப்பார்கள். அதற்கு முன் 31 முதல் 49 வரை 'டிப்ரஷன்', 50 முதல் 61 வரை 'டீப் டிப்ரஷன்'. மனச்சோர்வுக்கும் இதே சொல்தான் என்றாலும் வானிலையில் இது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 'பேரே வைக்கலையே, போய்ட்டு வந்துரலாம்' என்று வலையைத் தூக்க வேண்டாம். ஃபைபர் படகுக்கு 50 கிலோமீட்டர் காற்றே அதிகம்.

3. 'நாட்' என்றால் முடிச்சு, வேகமும் அதுதான். எழுத்தில் முதலில் கே இருக்கும், சொல்லும்போது இருக்காது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். மனக்கணக்குக்கு இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 30 நாட் என்றால் ஏறக்குறைய 55 கிலோமீட்டர்.

4. அறிக்கையில் சாதாரணமாகத் தெரியும் சொல்லுக்கும் அளவு உண்டு. 'ரஃப்' கடல் என்றால் அலை 2.5 முதல் 4 மீட்டர். 'வெரி ரஃப்' என்றால் 4 முதல் 6 மீட்டர். 'ஸ்குவாலி' என்பது சூறைக்காற்று. அதைப் பள்ளிக்கூடத்தோடு குழப்பிக்கொள்ளாமல் 'ஸ்க்-வால்' என்று பிரித்துச் சொல்லிப் பழகுங்கள். 'ஐசோலேட்டட்' மழை என்றால் ஓரிரு இடங்களில், 'ஸ்கேட்டர்ட்' என்றால் சில இடங்களில், 'வைட்ஸ்ப்ரெட்' என்றால் பெரும்பாலான இடங்களில். இவ்வளவும் மறந்துபோனால் துறைமுகக் கூண்டின் எண்ணைக் கேளுங்கள். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் ஏற்றுவது நமக்கும் பொருந்தும். 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5 முதல் 7 வரை ஆபத்து. 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

5. ஆங்கில அறிக்கையில் 'கல்லக்கடல்' என்று காதில் விழுந்தால் அது கள்ளக்கடல். கேரளக் கரையோரத்து மீனவர்கள் வைத்த பெயர் இது. காற்றோ மழையோ இல்லாமல், தெற்கே வெகுதூரத்தில் கிளம்பிய அலை திருடன்போல வந்து ஏறுவதால் அப்படி அழைத்தார்கள். 2012-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொள்ள, உலக வழக்குக்குப் போய்விட்டது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதே பெயரில் எச்சரிக்கை விடுகிறது. ஆங்கில எழுத்தில் ல, ள வேறுபாடு தெரியாது. செய்தி வாசிப்பவர் எப்படிச் சொன்னாலும் நீங்கள் வானம் தெளிவாக இருக்கிறதே என்று ஏமாறாமல் படகை மேலே இழுத்துக் கட்டுங்கள்.

6. எழுத்து ஒன்று, சொல் இரண்டு. பெட்டிக்கடையில் தொங்கும் ஷாம்பூ பாக்கெட்டுக்கு ஆங்கிலத்தில் 'சாஷே' என்று பெயர், பிரெஞ்சிலிருந்து வந்தது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் எச்சரிக்கைச் செயலியின் பெயருக்கும் எழுத்து அதேதான். ஆனால் அது இந்திச் சொல், 'ஸச்சேத்', விழிப்பாக இரு என்று பொருள். போனில் தேடும்போது பேரிடர் என்ற சொல்லையும் சேர்த்துப் போட்டால் ஷாம்பூ வந்து நிற்காது.

வயர்லெஸ்ஸிலும் போனிலும்

7. உயிர் காக்கும் மூன்று பிரெஞ்சுச் சொற்களை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள். 'மேடே' என்பது மே மாதத்து நாள் இல்லை. எனக்கு உதவுங்கள் என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலியை ஒட்டி, 1920களில் லண்டன் குராய்டன் விமான நிலையத்தில் வானொலிப் பொறுப்பில் இருந்த மாக்ஃபோர்டு என்பவர் உருவாக்கியது. படகு மூழ்கினாலோ தீப்பிடித்தாலோ வி.எச்.எஃப். 16-ஆம் சேனலில் மூன்று முறை சொல்ல வேண்டும். எஞ்சின் நின்றுபோய் மிதந்துகொண்டிருக்கிறீர்கள், உடனடி உயிராபத்து இல்லை என்றால் 'பான் பான்'. இதையும் மூன்று முறை சொல்ல வேண்டும். 'செக்யூரிட்டே' என்று கேட்டால் கடல் பாதுகாப்புச் செய்தி வரப்போகிறது, பேச்சை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள்.

சொல்லும் வரிசை இதுதான்: 'மேடே, மேடே, மேடே.' அடுத்து படகின் பெயர் மூன்று முறை. பிறகு ஜி.பி.எஸ்.ஸில் காட்டும் இடம், என்ன ஆபத்து, படகில் எத்தனை பேர். இவ்வளவையும் நிதானமாகச் சொன்ன பிறகே பொத்தானை விட வேண்டும். முதல் சொல் மட்டும் சரியாகப் போய்விட்டால் மற்றதைத் தமிழில் சொன்னாலும் கேட்பவர் சும்மா இருக்க மாட்டார்.

8. பி, டி, இ, சி எல்லாம் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும். படகுப் பதிவு எண்ணையோ ஆதாரில் உள்ள பெயரையோ எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டி வந்தால் மாலுமிகளின் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ, டி-க்கு டெல்டா, எம்-முக்கு மைக், என்-னுக்கு நவம்பர், பி-ஃபார்-பேப்பர் என்கிற அந்தப் பி-க்கு பாப்பா, டி-ஃபார்-டேபிள் டி-க்கு டேங்கோ. கியூ-வுக்கு உள்ள சொல்லைக் 'கெபெக்' என்று சொல்ல வேண்டும், கனடாவில் உள்ள மாகாணத்தின் பெயர் அது. எண்களில் ஒன்பதை 'நைனர்' என்பார்கள், 'ஃபைவ்'வோடு குழம்பாமல் இருக்க. தமிழ்நாட்டுப் படகு எண் ஐ-என்-டி, டி-என் என்று தொடங்கும். இதை 'இந்தியா, நவம்பர், டெல்டா, டேங்கோ, நவம்பர்' என்று சொல்லிப் பழகினால் எந்த நாட்டுக் கப்பல்காரருக்கும் புரியும்.

9. ப, ஃப வேறுபாட்டுக்கு ஒரு காகிதத் துண்டு போதும். உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு 'பில்' என்றால் காகிதம் சட்டென்று எகிற வேண்டும். 'ஃபில்' என்றால் மேற்பல் கீழுதட்டில் பட்டு, காகிதம் மெல்ல நடுங்க வேண்டும். 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்' என்று முன்னால் இகரம் வந்து ஒட்டிக்கொள்கிறவர்கள் 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டிவிட்டு மீதியைச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு வாரம் பழகினால் இகரம் விலகிவிடும்.

மருந்துக் கடையில்

10. டாக்டர் சீட்டில் இருப்பது லத்தீன். பயப்பட வேண்டாம், பத்துக்குள்தான் இருக்கும். ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு வேளை. பி.டி. என்றால் இரண்டு வேளை. டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பிட்ட பின். எச்.எஸ். படுக்கப்போகும்போது. 'ஸ்டாட்' உடனே. எஸ்.ஓ.எஸ். என்று இருந்தால் தேவைப்பட்டால் மட்டும். கடலில் அதுவே ஆபத்துக் குரல் என்பதால் சிலர் பதறிப்போய் உடனே கொடுத்துவிடுகிறார்கள்.

"அண்ணா, இதுல எஸ்.ஓ.எஸ்.னு போட்டிருக்கே, அவசரமா குடுக்கணுமா?"

"இல்லக்கா, காய்ச்சல் இருந்தா மட்டும் குடுங்க. கொறஞ்சிருந்தா வேணாம்."

கடைக்காரரிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பதிலை அட்டையின் மேலேயே தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஓ.டி. என்றால் வலது கண் என்று பொருள், ஒரு வேளை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழப்பம் வந்தால் ஊகிக்காமல் எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

11. நோய்ப் பெயர் பெரும்பாலும் கிரேக்கம். கிரேக்கச் சொல்லில் சி-எச் வந்தால் 'க்'. ஸ்டொமக், காலரா, குளோரின், எக்கோ, ஆங்கர் எல்லாம் இப்படித்தான். மீன் தேடும் எக்கோ சவுண்டரும் நங்கூரமும் நோயும் ஒரே விதிக்குள் அடங்கிவிடுகின்றன. பி-என் என்று தொடங்கினால் பி ஊமை, 'நிமோனியா'. பி-எஸ் என்று தொடங்கினாலும் அப்படியே, 'சைக்காலஜி'. பி-எச் வந்தால் 'ஃப'.

சந்தையிலும் ஆர்டரிலும்

12. மீனுக்கு ஊருக்கு ஊர் பெயர். கொடுவா மீனை வெளிநாட்டு வியாபாரி 'பாரமுண்டி' என்பார், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சொல். கல்கத்தாக்காரர் 'பெட்கி' என்பார். மூன்றும் ஒரே மீன்தான், விலை பேசும்போது ஏமாற வேண்டாம். வஞ்சிரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சீர்' என்ற பெயர் போர்ச்சுகீசியத்தில் ரம்பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கணவாய் ஓட்டலுக்குப் போனால் இத்தாலியப் பெயரில் 'கலமாரி' ஆகிவிடும். 'சாமன்' மீனின் எழுத்தில் எல் உண்டு, ஒலியில் கிடையாது. இறாலில் 'வனாமி' என்பது அறிவியல் பெயரின் சுருக்கம், அப்படியே சொன்னால் எல்லாக் கம்பெனிக்கும் புரியும். '40 கவுன்ட்' என்றால் கிலோவுக்கு 40 இறால். எண் குறையக் குறைய இறால் பெரிது, விலையும் அதிகம்.

13. ஓலைப்பெட்டி ஆர்டரில் பிரெஞ்சுச் சொற்கள் நிறைய வரும். 'ட்ரூஸோ' பெட்டி என்றால் மணப்பெண்ணின் சீர் வைக்கும் பெட்டி. 'பூக்கே' என்றால் பூங்கொத்து, கடைசி டி ஒலிக்காது. 'மோட்டீஃப்' என்றால் திரும்பத் திரும்ப வரும் பூ வேலை. 'பேஜ்' என்ற நிறம் சாயம் போடாத ஓலை நிறத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், உடை, அலங்காரம், விருந்து சம்பந்தப்பட்ட சொல்லில் சி-எச் வந்தால் பெரும்பாலும் 'ஷ'. கடைசி டி ஊமை. கியூ-யு-இ முடிவு 'க்'. இதில் நாம் ஏற்கெனவே தேறியவர்கள்தான். பஸ் 'டெப்போ' என்றும் தையல் 'மிஷின்' என்றும் பேங்க் 'செக்' என்றும் ஊரே சொல்கிறது. மூன்றுமே பிரெஞ்சு வழி வந்தவை, மூன்றையும் சரியாகத்தான் சொல்கிறோம்.

பள்ளிப் பையில்

14. நம்மிடமிருந்து போன சொல்லை நாமே மனப்பாடம் செய்ய வேண்டாம். 'கேட்டமரான்' நம் கட்டுமரம். 'ஷெரூட்' சுருட்டு. 'மல்லிகட்டானி' சூப் மிளகுத்தண்ணீர். 'கான்ஜி' கஞ்சி. 'அனிகட்' அணைக்கட்டு. வேதியியலில் அலுமினியம் ஆக்சைடு பாடத்தில் வரும் 'கொரண்டம்' நம் குருந்தம். பிள்ளைக்கு இப்படிச் சொன்னால் மறக்காது. இந்த வகைச் சொற்களைத் தேடித் தொகுத்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி 1886-இல் வெளிவந்தது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

இதிலும் இரண்டு பொறி உண்டு. பரீட்சையில் கேட்டமரான் என்றால் மரத்தை வரிந்து கட்டியது என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் போகும். இன்றைய ஆங்கிலத்தில் அது இரண்டு அடிப்பாகம் உள்ள படகு. அதேபோல 'கேஷ்' என்று பழைய நாணயத்தைக் குறித்தால் அது நம் காசு. இன்று பேங்கில் வாங்கும் கேஷ் பிரெஞ்சு வழி வந்த வேறு சொல்.

15. டச்சுச் சொல்லுக்கு நம் ஊரே சாட்சி. 1613-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கட்டிய கோட்டை கெல்ட்ரியா. அவர்கள் வாயில் அந்த முதல் எழுத்து தொண்டையிலிருந்து 'ஹெ' போல வரும். கடலோடிகளான அவர்களிடமிருந்து ஆங்கிலம் வாங்கிய சொற்கள் ஸ்கிப்பர், டெக், யாட். 'யாட்' எழுத்தில் சி-எச் நடுவில் நிற்கும், வாயில் வராது. மிதவையைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலேயர் 'பாய்' என்றும் அமெரிக்கர் 'பூயி' என்றும் சொல்வார்கள். எதைச் சொன்னாலும் சரிதான். தமிழும் டச்சில் வாங்கியிருக்கிறது. பம்பளிமாஸ் பழமும் கக்கூஸும் அவர்கள் விட்டுப்போனவை.

16. கடலோரக் காவல்படைக்கும் கப்பல் வேலைக்கும் படிக்கிற பிள்ளைகள் இந்த நான்கையும் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். 'போசன்' எழுத்தில் போட்ஸ்வெய்ன் என்று நீண்டிருக்கும். 'காக்ஸன்' எழுத்தில் காக்ஸ்வெய்ன். படகின் மேல் விளிம்பு 'கன்னல்', எழுத்தில் கன்வேல். கப்பல் முன்பகுதி 'ஃபோக்ஸில்', எழுத்தில் ஃபோர்காஸில். மாலுமிகள் பல தலைமுறை வேகமாகச் சொல்லித் தேய்த்த சொற்கள் இவை. நேர்முகத் தேர்வில் எழுத்துக்கூட்டிப் படித்தால் கப்பலில் கால் வைக்காதவர் என்று தெரிந்துவிடும்.

17. ஸ்ரீஹரிகோட்டா ஒலிபரப்பில் 'நாமினல்' என்று கேட்டால் கவலைப்படாதீர்கள். அகராதியைப் பார்த்தால் பெயரளவுக்கு என்று இருக்கும். ராக்கெட்காரர்கள் பேச்சில் எல்லாம் திட்டமிட்டபடி நடக்கிறது என்று பொருள். 'ஹோல்ட்' என்றால் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 'ஸ்க்ரப்' என்றால் இன்றைக்கு ஏவுதல் ரத்து. கடலுக்குப் போகத் தடை போட்ட நாளில் இந்தக் கடைசிச் சொல் காதில் விழுந்தால், தடை நீங்கிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்யாமல் மீன்வளத் துறையில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லா வீட்டுக்கும்

18. காலண்டர் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கட்டும். பக்கத்துக்கு நான்கு பத்தி: ஆங்கில எழுத்து, தமிழில் ஒலி, எந்த மொழி, என்ன பொருள். தமிழில் எழுதும்போது ப, க, ட இவற்றுக்கு இரண்டு ஒலி வரும் என்பதால் 'பால்' என்பது பந்தா பவுலா என்று பின்னால் தெரியாமல் போகும். அழுத்தி ஒலிக்க வேண்டிய எழுத்தின் கீழ் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஒலி தெரியாத சொல்லைப் போனில் அகராதியில் போட்டு, ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு மூன்று முறை கேட்டுவிட்டு எழுதுங்கள். ஆங்கில அகராதியில் பொருளுக்கு அடியிலோ மேலேயோ எந்த மொழியிலிருந்து வந்தது என்று ஒரு வரி இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள். தமிழில் புழங்கும் பழைய வந்தேறிச் சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இணையத்திலேயே கிடைக்கிறது. வாரத்துக்கு ஐந்து சொல் போதும். நோட்டின் முன் அட்டையில் பெரிய எழுத்தில் இரண்டு எண்களை எழுதுங்கள்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. இந்த இரண்டையும் வீட்டில் உள்ள சின்னப் பிள்ளையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தடங்கலில்லாமல் சொல்ல வேண்டும்.